பெல்ட்டுக்கு விட்ட எண்ணெய்

ஷெரினுடைய வலது கை அவள் பேச்சைக் கேட்காது. சுற்றுகிற எதைக் கண்டாலும் எண்ணெய் விடும். போடி பஜாரில் அவள் சைக்கிள் கடைக்குப் பக்கத்துத் தையல்காரரின் மிஷின், எதிர்ப் பாத்திரக் கடையின் ஷட்டர், சர்ச்சின் இரும்புக் கேட்டு, பஸ் ஸ்டாண்டில் யாரோ முகம் தெரியாதவர் நிறுத்திவிட்டுப் போன சைக்கிள், எதுவும் தப்பியதில்லை. வாய் பேசிக்கொண்டிருக்கும், கை மட்டும் தனியாகக் கிளம்பிப் போய் நாலு சொட்டு விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதது போலத் திரும்பிவரும். இதற்காக யாரும் அவளிடம் சண்டைக்கு வந்ததில்லை. ஓசியில் எண்ணெய் கிடைத்தால் யார் சண்டைக்கு வருவார்கள்?

அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற வினோத்ராஜுக்குத் தேனியில் பெல்ட் கடை. இடுப்பில் கட்டுகிற பெல்ட் இல்லை. மாவு மில்லுக்கும் தோட்டத்து மோட்டாருக்கும் மாட்டுகிற ரப்பர் பெல்ட். அந்தக் கடையிலேயே வளர்ந்தவனுக்கு, உலகத்தில் செயின் என்ற ஒன்று எதற்கு இருக்கிறது என்பதே விளங்காது. இரண்டு பேரும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர்கள். முதல் வருடத்தில் ஆரம்பித்த சண்டை, நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்திருந்தது.

கியர் இல்லாத மலை சைக்கிளில் மண்பாதை மண்பாதையாகச் சுற்றுவது இருவருக்கும் பொதுவான பைத்தியம். ஷெரினுடையது செயின் வண்டி. வினோத் போன வருடம் பல் வைத்த பெல்ட் ஒன்றை வரவழைத்துத் தன் வண்டியில் மாட்டினான். செயினைப் போலப் பெல்ட்டைக் கழற்றிக் கோக்க முடியாது. அது முழு வளையம். அதை உள்ளே விடுவதற்காகப் பிரேமையே பின்பக்கம் ஓரிடத்தில் அறுத்து, போல்ட் போட்டுத் திறந்து மூடுகிற மாதிரி லேத் பட்டறையில் செய்ய வேண்டியிருந்தது. "ஒரு ரப்பரை மாட்டுறதுக்கு வண்டியவே அறுத்திருக்கான் பாருங்க" என்று ஷெரின் ஊரெல்லாம் சொன்னாள். "துரு கிடையாது, சத்தம் கிடையாது, பேன்ட்டுல கறை கிடையாது. முக்கியமா, எண்ணெய் கிடையாது" என்று அவன் மில் முதலாளியிடம் விலை பேசுகிற தோரணையில் சொல்லித் திரிந்தான்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில் சேராத ஒன்று, கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊர் என்பது.

போடிக்கும் தேனிக்கும் பதினைந்து கிலோமீட்டர்தானே, தினமும் போய்வந்தால் என்ன என்று கேட்பவர்கள் கடை வைத்துப் பார்க்காதவர்கள். ஷெரின் கடை காலை ஆறரைக்குத் திறந்தாக வேண்டும். வினோத் கடை ராத்திரி ஒன்பதரைக்குத்தான் சாத்தும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகம் பார்ப்பதற்குப் பெயர் கல்யாணம் இல்லை. யாராவது ஒருவர் கடையைத் தூக்கிக்கொண்டு மற்றவர் ஊருக்கு வந்தே தீர வேண்டும். வினோத்துக்கு 'வீட்டோட மாப்பிள்ளை' என்ற வார்த்தையை நினைத்தாலே காது சிவந்துவிடும். ஷெரினுக்கோ அது வார்த்தைப் பிரச்சினை இல்லை. அப்பா விட்டுப்போன கடையை ஆறு வருடமாகத் தன் கையால் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். பஞ்சர் ஒட்ட யாரும் போடியிலிருந்து தேனிக்கு வண்டியை உருட்டி வரமாட்டார்கள். அந்த ஷட்டரைக் கடைசியாக ஒரு முறை இழுத்துச் சாத்துவதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் பேசினார்கள். முடிவு வரவில்லை, தொண்டைதான் கட்டியது.

"பேசுனது போதும்" என்றாள் ஷெரின் ஒரு நாள். "உன் பெல்ட்டா, என் செயினான்னு பாத்துருவோம். தோத்த ஆளு கடையத் தூக்கிட்டு வரணும்."

அவனும் சரி என்றான். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கோம்பையில் ஆரம்பித்து, மலையடிவாரத்து மண்பாதையிலேயே பண்ணைப்புரம், தேவாரம் தாண்டி, பொட்டிப்புரத்தில் சுருளியாண்டியின் தென்னந்தோப்பு வாசலில் முடிப்பதாகப் பேச்சு. சுருளியாண்டிதான் நடுவர். தோட்டத்து மோட்டாருக்குப் பெல்ட் வினோத்திடம் வாங்குவார், பேத்தி சைக்கிளை ஷெரினிடம் கொடுப்பார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவருக்கு நஷ்டம் என்பதால் அவரைவிட நேர்மையான ஆள் கிடைக்கமாட்டார்.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை காலை. கோம்பை டீக்கடை ஓரத்தில் இரண்டு வண்டிகளும் தலைகீழாக நின்றன. வினோத் டீ வாங்கப் போயிருந்தான். ஷெரின் தன் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சுருளியாண்டியிடம் நாய்க்கதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கோம்பை நாயின்னு சொல்லித்தான் வாங்கிட்டுப் போனேன் தாயி. களவாணிப் பய வந்தா வாலை ஆட்டுது. என்னையக் கண்டா குலைக்குது."

"நீங்க வெறுங்கையோட போயிருப்பீக அண்ணே. அவன் பிஸ்கட்டோட வந்திருப்பான்."

"நாயிக்குப் பரிஞ்சு பேசுறியே" என்று சிரித்தபடி அவர் மோட்டார் பைக்கைக் கிளப்ப அந்தப் பக்கம் திரும்பினார். ஷெரினும் சிரித்தாள். சிரித்தபடியே இடது கை பெடலைச் சுற்ற, வலது கை சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தது. இரண்டு முழுச் சுற்று ஆன பிறகுதான் ஏதோ உறைத்தது. செயின் என்றால் சலசலவென்று ஒரு சத்தம் வரும். இதில் சத்தமே இல்லை.

குனிந்து பார்த்தாள். அவள் வண்டி வலப்பக்கம் நின்றது. அவள் கை இடப்பக்கத்து வண்டியில் இருந்தது. கறுப்புப் பெல்ட் எண்ணெய் குடித்துப் பளபளத்தது.

"ஆண்டவரே" என்றாள் மெதுவாக. கைக்குக் கிடைத்த துணியால் அவசர அவசரமாகத் துடைத்தாள். மேலே துடைக்கலாம், பல்லிடுக்கில் போனதை என்ன செய்வது? சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். இதை அவள் பக்கம் நின்று சொல்ல வேண்டியது என் கடமை. சொல்வதற்கு வாயைத் திறந்தபோது வினோத் இரண்டு டீக் கிளாஸோடு வந்து நின்றான்.

"லோடு ஆட்டோவுக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றான். "உன் கடைச் சாமானுக்கு ஒரே நடை போதுமா, ரெண்டு நடை வேணுமா?"

அவன் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் உண்மையைக் கக்கியிருப்பாள். மனிதர்களுக்கு வாய் கொடுத்த கடவுள் நேரம் பார்த்துப் பேசுகிற புத்தியையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

"ஒரு நடையே போதும். உன் பெல்ட்டைச் சுருட்டி அதுலயே போட்டு அனுப்பு" என்று டீயை வாங்கிக் குடித்தாள். துடைத்தாயிற்று, ஒன்றும் ஆகாது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சுருளியாண்டி கையை இறக்கினார். இருவரும் கிளம்பினார்கள். அவர் பைக்கில் தார் ரோட்டு வழியாக முன்னால் போய்விட்டார்.

முதல் ஆறு கிலோமீட்டர் வினோத்தான் முன்னால். சத்தமே இல்லாமல் போனான். அதில் ஒரு சங்கடமும் இருந்தது. தோட்டத்து நாய்கள் செயின் சத்தம் கேட்டால் தூரத்திலேயே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சைக்கிள்தானே என்று படுத்துக்கொள்ளும். இவன் வருவது எதற்கும் தெரியவில்லை. மூக்கு நுனியில் திடீரென்று ஒரு ஆள் முளைத்தால் எந்த நாய்க்குத்தான் கோபம் வராது? இரண்டு தோப்புகளில் நாய் துரத்தி அவனுக்கு வேகம் கூடியதே தவிர குறையவில்லை. பின்னால் வந்த ஷெரினை அதே நாய்கள் கண்டுகொள்ளவே இல்லை. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பண்ணைப்புரம் தாண்டியதும் பாதை மேடேறியது. அங்கேதான் முன்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டொக். அவன் எழுந்து நின்று மிதித்தான். டொக், டொக். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களியாகிப் பல்சக்கரத்தின் பள்ளங்களை அடைத்துவிட்டிருந்தன. அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் பெல்ட் பல்லை விட்டு எகிறியது. அவன் இறங்கி, வண்டியை வெறித்துப் பார்த்தான்.

"பெல்ட்டு டென்ஷன் சரியாத்தானய்யா வச்சேன்" என்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தவனைத் தாண்டி ஷெரின் போனாள்.

ஐம்பது அடி தூரம் அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. உண்மையைச் சொல்வதற்கென்ன, கடை தன்னோடுதான் என்று மனம் கூத்தாடியது. ஐம்பத்தோராவது அடியில் திரும்பிப் பார்த்தாள். அவன் பெல்ட்டைத் தொட்டு, விரலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். நின்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்; கால் நிற்கவில்லை. இன்னும் வேகமாக மிதித்தது. இந்த உடம்பில் ஒரு உறுப்பாவது தன் பேச்சைக் கேட்கிறதா என்று அவளுக்கே அழுகை வந்தது.

தேவாரத்துக்கு மேலே ஒரு ஏற்றத்தில், அந்தக் கோபத்தையெல்லாம் பெடலில் காட்டி ஒரு மிதி மிதித்தாள். செயின் அறுந்து பாம்பு போல மண்ணில் விழுந்தது.

இறங்கி, பையிலிருந்து, அறுந்த கண்ணியைச் சேர்க்கிற செயின் லாக் ஒன்றை எடுத்து, கை முழுக்கக் கரியோடு கோத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வினோத்தின் அம்மா சுகிர்தம். கல்யாண ரவிக்கை தைக்கக் கொடுப்பதற்காக அன்று போடிக்கு வந்திருந்தார். ஷெரின் முழங்கையால் போனை அமுக்கித் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"அம்மாடி, கழுத்து அகலம் எவ்வளவுன்னு டெய்லர் கேக்குறாரு."

"அத்தை, பொறவு பேசுறேன். செயின் அத்துப்போச்சு."

"என்னது? எப்படி?"

"வெறி பிடிச்சு மிதிச்சேன் அத்தை. மிதிச்ச மிதியில அத்துப்போச்சு. நான் பாத்துக்கிறேன், பொட்டிப்புரம் போயிட்டுக் கூப்பிடுறேன்."

வைத்துவிட்டாள். நிச்சயத்தன்று அவள் கழுத்தில் சுகிர்தம் போட்ட மூன்று பவுன் செயின், சட்டைக்குள் பத்திரமாகத்தான் கிடந்தது. போடியில் டெய்லர் கடை வாசலில் நின்றவருக்கு அது எப்படித் தெரியும்?

நாலே நிமிடத்தில் செயின் சேர்ந்துவிட்டது. பெல்ட் அறுந்தால் இப்படிச் சேர்க்க முடியுமா என்று வாய் வரை வந்த பெருமை, கேட்க ஆள் இல்லாமல் உள்ளே போய்விட்டது. ஆள் அரை கிலோமீட்டர் கீழே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தான்.

தென்னந்தோப்பு வாசலில் சுருளியாண்டி ஒரு தென்னை மட்டையைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார். ஷெரின் பத்தடி முன்னாலேயே காலை ஊன்றி நின்றுவிட்டாள்.

"தாண்டு தாயி. ஜெயிச்சுட்ட."

"இருங்க அண்ணே. வினோத் வரட்டும்."

"தாண்டிட்டுக் காத்திருக்கலாம்ல?"

அவள் அசையவில்லை. தாண்டினால் கடை இருக்கும். அந்தக் கடையில் உட்கார்ந்து இனி எந்த வண்டிக்கும் நிம்மதியாக எண்ணெய் விட முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கால் மணி நேரம் நின்றாள். வினோத் சமதரையில் மெதுவாக மிதித்தபடி வந்து அவள் பக்கத்தில் நிறுத்தினான். மட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்ன, மட்டை வழி விடலையா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பொட்டிப்புரம் முழுக்க விசாரித்துவிட்டு ஒரு வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. கையில் குடையோடு சுகிர்தம் இறங்கினார். பின்னால் வினோத்தின் மூன்று சித்தப்பாமார், ஆளுக்கொரு கட்டையோடு.

"எங்கன அந்தத் திருட்டுப் பய?" என்றார் சுகிர்தம். "நீ மிதிச்சதுல உசுரோட இருக்கானா?"

"யாரு அத்தை?"

சுகிர்தம் அவள் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தார். "செயின் இங்கனதான கெடக்கு?"

"அத்துப்போனது வண்டிச் செயினு அத்தை."

"மிதிச்சேன்னு சொன்ன?"

"பெடலை மிதிச்சேன்."

சித்தப்பாமார் கட்டைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுகிர்தம் குடையை ஊன்றி மூச்சு வாங்கினார். "அப்ப திருடன்னு ஒருத்தனும் இல்லையா?"

"இருக்கான் அத்தை" என்றாள் ஷெரின். "நான்தான்."

பிறகு நிறுத்தாமல் சொன்னாள். அத்தை முன்னால் எப்போதும் வருகிற மரியாதை அப்போதும் தவறவில்லை. "இவுக பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டுட்டேன். கை தெரியாம விட்டது, ஆனா வாய் தெரிஞ்சேதான் மறைச்சது. இவுகதான் ஜெயிச்சாக. நான் தோத்தேன். கடையச் சாத்திட்டுத் தேனிக்கு வர்றேன்."

சுகிர்தத்துக்கு விவரம் முழுக்கப் புரியவைக்கச் சுருளியாண்டிக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. நடுவர் என்ற முறையில் அவர் கடைசியில் தொண்டையைச் செருமினார். "அப்ப நியாயப்படி பெல்ட்டுதான..."

"இல்லண்ணே" என்றான் வினோத். "செயினுதான் ஜெயிச்சது. நம்ம ஊருல எவன் கையிலயும் எண்ணெய்க் கேன் இருக்கும். சுத்துறதக் கண்டா விடாம இருக்க மாட்டாக. எண்ணெய் பட்டா எகிறுற பெல்ட்ட இங்கன வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

"செயினு அத்துப்போச்சு" என்றாள் ஷெரின். "அது எப்படி ஜெயிச்சதாகும்?"

"நாலு நிமிசத்துல சேத்துட்டேல்ல?"

"பெல்ட்டா இருந்தா அத்தே போயிருக்காது."

பத்து வருடமாகச் செயினுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள் பெல்ட்டுக்கு வக்கீலாகிவிட்டாள். அவன் செயினுக்கு. சித்தப்பாமாரில் ஒருவர் கட்டையைக் கீழே போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

சுருளியாண்டி மட்டும் வினோத்தின் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "தம்பி, இந்தப் பாட்டில் நெறையத் தண்ணி இருக்கே. எண்ணெய்தான்னு மோந்து பாத்ததும் தெரிஞ்சிருக்கும். ஒரு கழுவு கழுவி விட்டிருந்தா ரெண்டு நிமிச வேலை. ஏத்தத்துலயெல்லாம் எதுக்குத் தள்ளிக்கிட்டு நடந்து வந்தீக?"

வினோத்தின் காது சிவந்தது. "பந்தயத்துல தோத்தேன்னு சொல்லிக்கிட்டு போடிக்குப் போனா..." என்று ஆரம்பித்து, அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "வீட்டோட மாப்பிள்ளைன்னு ஒரு பய சொல்ல முடியாதுல்ல. மொதல்ல ஜெயிக்கத்தான் பாத்தேன். எண்ணெய் வாடை வந்ததும், சரி, இதான் சாக்குன்னு விட்டுட்டேன்."

ஷெரினுக்கு இப்போது வந்த கோபம், லோடு ஆட்டோ என்று சொன்னபோதுகூட வந்ததில்லை. "அப்ப அந்தக் கால் மணி நேரம் நான் இங்கன நின்னு செத்துக்கிட்டு இருந்தது..." என்றாள். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "வாயத் தொறந்து வர்றேன்னு சொன்னா உனக்கு என்ன கொறஞ்சு போகும்?"

"பேசி முடிவு பண்ணுங்கன்னு சொன்னா, மிதிச்சு முடிவு பண்ணுறீகளா ரெண்டு பேரும்?" என்று சுகிர்தம் குறுக்கே புகுந்தார். "ஏலே, பஞ்சர் ஒட்ட வர்றவன் கடையத் தேடி வரணும். மில்லுக்காரன் போனுலதான பெல்ட்டுக் கேக்குறான்? அத போடியில உக்காந்து எடுத்தா காது கேக்காதா? தேனிக் கடைய நான் பாத்துக்கிறேன். இப்ப மட்டும் யாரு பாக்குறதாம்? நீ கல்லாவுல உக்காந்து சைக்கிள் படம்ல பாத்துக்கிட்டு இருக்க." குடையைத் தூக்கி வேனைக் காட்டினார். "நான் போறேன். டெய்லரு டேப்போட நிக்கிறாரு."

வேன் போயிற்று. சுருளியாண்டியும் மட்டையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு இளநீர் வெட்டப் போனார். வினோத் பாட்டில் தண்ணீரைப் பெல்ட்டின்மேல் ஊற்றினான். ஷெரின் குந்தி உட்கார்ந்து, பல் பல்லாக விரலால் களியை வழித்தாள். கடை போகவில்லை என்பது அவளுக்கு இன்னும் முழுதாக உள்ளே இறங்கவில்லை.

"நெசமாவே தேனிக்கு வந்திருப்பியா?" என்றான் அவன்.

"வந்திருப்பேன்." அவள் நிமிரவில்லை. "தெனமும் சோறு பொங்கிப் போட்டிருப்பேன், சிரிச்சுப் பேசியிருப்பேன். ஆனா சாகுற வரைக்கும் உன்னைய மன்னிச்சிருக்க மாட்டேன்."

அவன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அவள் கறுத்த விரல்கள்மேல் ஊற்றினான்.

"அதுக்குப் பயந்துதான் நடந்தே வந்தேன்" என்றான்.